பெயர் வேண்டாம், நோய் விவரம் தாருங்கள்: தத்தெடுப்பு விதிகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

நான் கைக்குழந்தையாகத் தத்துக் கொடுக்கப்பட்டவள். எனக்கு லூபஸ் நோய் இருக்கிறது. என்னைப் பெற்றவருக்கோ அவர் வழியில் வேறு யாருக்குமோ இந்த மாதிரி நோய் உண்டா என்று என் பழைய கோப்பைப் பார்த்துச் சொல்லும்படி, எனக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து விண்ணப்பித்திருந்தேன். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. சந்திக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. சென்ற மாதம் பதில் வந்தது. பெற்ற தாயின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதால் கோப்பிலுள்ள எந்த விவரத்தையும் தர இயலாது என்று இரண்டே வரி. நோய் பற்றிய குறிப்பு அந்தக் கோப்பில் இருக்கிறதா, இல்லையா என்பதைக்கூடச் சொல்லவில்லை.

பதில் எழுதிய அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கையில் இருக்கும் விதியைப் படித்திருக்கிறார்கள். விதி தெளிவாகச் சொல்லாத இடத்தில், மறுத்துவிட்டால் வம்பில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தெளிவாக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலின் உறுப்புகளைத் தாக்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆட்டோ இம்யூன் என்றுதான் சொல்வார்கள். லூபஸ் அவற்றில் ஒன்று. இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒரே ஒரு பரிசோதனையில் பிடிபடும் நோய் இல்லை இது. ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஆனால் எந்த நோயும் இல்லாத பலருக்கும் அப்படியே காட்டும். ஆகவே மருத்துவர் அறிகுறிகளைக் கூட்டிப் பார்க்கிறார், சிறுநீரைப் பார்க்கிறார், கூடவே வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றும் கேட்கிறார். சந்தேகம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில் அந்தக் கேள்விக்கு ஒரு பங்கு இருக்கிறது.

எனக்குத் தொடங்கியது விரல் மூட்டுகளில். காலையில் எழுந்தால் கை மடங்காது. ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து போயிருந்த நேரம், அந்த வலிதான் என்றார்கள். வெயிலில் போய்வந்தால் கன்னம் சிவந்தது; வெயில் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இரும்புச் சத்து மாத்திரை. வாயில் புண், பி காம்ப்ளெக்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியான வைத்தியம்தான். கால் வீங்கி, சிறுநீர் நுரைநுரையாகப் போன பிறகுதான் எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தார். சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது பாதிப்பு முற்றியிருந்தது. ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் என்று அடுத்த சில வருடங்கள் அப்படியே போயின.

அந்த அலைச்சலில் ஒரு நாளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புறநோயாளிகள் பிரிவு. எங்களுக்குப் பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர். பயிற்சி மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது மூட்டு வாதம், தைராய்டு இருக்காம்மா?" என்று கேட்டார். என்னை வளர்த்த அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எனக்கு சுகர் இருக்கு டாக்டர். இவ அப்பாவுக்கு பி.பி. தைராய்டு, வாதம் எல்லாம் எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் கிடையாது." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டுதான் பிறகு ஒவ்வொரு மருத்துவரிடமும் போனது. தன்னெதிர்ப்பு நோய் இல்லாத குடும்பம் என்று, எனக்கு ரத்த சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் வரலாறு என் பெயரில் ஏறியது. வெற்றாக விட்டிருந்தால்கூட யாராவது யோசித்திருப்பார்கள். பிற்பாடு சிறப்பு மருத்துவரிடம் நான் தனியாக உட்கார்ந்து சொன்னபோது, அவர் அந்த வரியின் குறுக்கே கோடு போட்டு, "தத்து. விவரம் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தெருக்காரர்கள் காதில் விழும்படி "இவளை நான் பெறவில்லை" என்று எந்தத் தாய் சொல்வாள்? அவர்கள் கையில் சரியான விவரம் ஒரு தாளில் இருந்திருந்தால், வாயால் எதையும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. தாளை நீட்டியிருப்பார்கள்.

குடும்ப வரலாறு தெரிந்திருந்தால் எனக்கு லூபஸ் வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால்கூட மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. நான்கில் ஒருவருக்காவது வருகிறது என்கின்றன ஆய்வுகள். மற்ற உடன்பிறப்புகளுக்கு அதைவிட மிகக் குறைவு. ஆனால் இந்த நோய்கள் ஒரு குடும்பத்துக்குள் ஒரே பெயரில் மட்டும் வருவதில்லை. பாட்டிக்கு முடக்கு வாதம், சித்திக்குத் தைராய்டு, மாமாவுக்கு வெண்புள்ளி, அவர் மகனுக்குச் சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் என்று பரவிக் கிடக்கும். கூடி உட்கார்ந்து பேசும் வீடுகளில் இதெல்லாம் கல்யாணப் பந்தியிலேயே தெரிந்துவிடும். யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு எழுதி வைத்தால்தான் உண்டு.

இனி நான் சொல்லப்போவது இந்த மடலின் முக்கியமான பகுதி.

என்னைத் தத்தெடுத்த நாளில் கொடுத்த ஒற்றைத் தாளை அம்மா பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். எடை, போட்ட தடுப்பூசிகள், ஒரு முத்திரை. கீழே மையில் கையால் எழுதிய ஒரு வரி: "நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வட்டமாகச் சிவந்த தடிப்பு. களிம்பு போடப்பட்டது." அதற்கும் கீழே, தாய் வழி நோய்கள்: தெரியவில்லை. தந்தை வழி நோய்கள்: தெரியவில்லை.

நான் கருவுற்றபோது என் ரத்தத்தில் ஆன்டி ரோ என்ற எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. இது தாயின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சில குழந்தைகளுக்கு முகத்தில், குறிப்பாகக் கண்ணைச் சுற்றி, வட்ட வட்டமாகத் தடிப்பு வரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தீர்ந்ததும் ஆறு முதல் எட்டு மாதங்களில் மறைந்துவிடும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையே அடைபட்டுப் போகும். அது திரும்பாது. அதனால்தான் பதினாறு, பதினெட்டு வாரத்திலிருந்தே குழந்தையின் இதயத்தை மறுபடி மறுபடி ஸ்கேனில் பார்த்தார்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள்.

அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டினேன். தடிப்பு பற்றிய வரியை அவர் இரண்டு முறை படித்தார். "பச்சக் குழந்தைக்குத் தடிப்பு ஆயிரம் காரணத்தால வரும், இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஆனா அன்னிக்கு அந்தத் தாய்கிட்ட நாலு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார்.

கேட்டிருக்க முடியும். நான் குப்பைத் தொட்டியில் கிடந்த குழந்தை இல்லை. என்னைப் பெற்றவர் நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் எதிரில் ஒரு மேசை இருந்தது, ஒரு படிவம் இருந்தது, எழுத ஒருவர் இருந்தார். மூட்டு வலி உண்டா, கண்ணும் வாயும் வறண்டு போகிறதா, இதற்கு முன் கரு கலைந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா? யாரும் கேட்காமலேயே "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்டுத் தெரியவில்லை என்றால் அது ஒரு விவரம். கேட்காமல் எழுதியிருந்தால் அந்தத் தாளில் அந்த வரிக்கு வேலையே இல்லை.

இதில் இன்னொருவரும் இருக்கிறார். இப்படித் தடிப்போடு பிள்ளை பெறும் தாய்மார்களில் பலருக்குத் தங்கள் உடலில் அந்த எதிர்ப்பொருள் இருப்பதே தெரியாது. ஒரு தொந்தரவும் இருக்காது. குழந்தையைப் பார்த்துத்தான் தாயைப் பரிசோதிக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து லூபஸோ, கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஷோகிரன் நோயோ வருகிறது. என் முகத்திலிருந்த தடிப்பு அதுவாகவே இருந்திருந்தால், அன்றைக்கு எச்சரிக்கப்பட்டிருக்க வேண்டியவர் என்னைப் பெற்றவரும்தான். யாருடைய அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்று எனக்குப் பதில் எழுதினார்களோ, அவருடைய உடம்பைப் பற்றி அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அவருடைய அந்தரங்கம் எனக்கும் பெரிது. எந்த நிலையில் வந்து கையெழுத்துப் போட்டாரோ. இன்றைக்கு அவருக்கு ஒரு குடும்பம் இருக்கலாம், அங்கே யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். அவர் வாசலில் போய் நிற்கும் எண்ணம் எனக்கு இல்லை, அந்த உரிமையையும் நான் கேட்கவில்லை. ஆனால் "தாய்க்குத் தைராய்டு நோய் உண்டு" என்ற ஒரு வரியைக் கொண்டு யாரை அடையாளம் காண முடியும்?

நீங்களே இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் வேர்களைத் தேடி விண்ணப்பித்தால், பெற்றோர் மறுத்தாலும் அல்லது கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், எந்தச் சூழலில், எந்தக் காரணத்தால் ஒப்படைத்தார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்கின்றன தத்தெடுப்பு விதிமுறைகள். ஆக, ஆளை மறைத்துவிட்டு விவரத்தை மட்டும் தரலாம் என்பது உங்கள் விதியிலேயே இருக்கும் ஏற்பாடு. கல்யாணமாகாத தாய் என்ற காரணத்தைச் சொல்லலாம், கடும் வறுமை என்பதைச் சொல்லலாம், முடக்கு வாதம் என்பதை மட்டும் ஏன் சொல்லக் கூடாது?

இது புதிதாக யாரும் கிளப்பும் கோரிக்கையும் இல்லை. 1984இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பி. என். பகவதி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் குழந்தையைப் பற்றிய அறிக்கையில் பெற்றோரின் உடல்நிலை, தாயின் கர்ப்பகாலம், பிரசவம் பற்றிய விவரங்களும் இருக்க வேண்டும் என்று சொன்னது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அதன் 16ஆவது பிரிவு குழந்தையின் மருத்துவ வரலாற்றோடு குழந்தையின் குடும்பத்தின் மருத்துவ வரலாற்றையும் அறிக்கையில் கேட்கிறது. 30ஆவது பிரிவு அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. இரண்டும் கடல் கடந்து போகும் குழந்தைகளுக்காகச் சொன்னவை. இத்தாலிக்குப் போகும் குழந்தைக்கு இருக்க வேண்டிய தாள், கோயம்புத்தூருக்குப் போகும் குழந்தைக்கும் இருக்க வேண்டாமா?

எச்சிலைத் தனியார் டி.என்.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பிப் பாருங்களேன் என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். லூபஸோடு தொடர்புள்ளவை என்று நூற்றுக்கு மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை எனக்கு இருக்கும் சாய்வைச் சொல்லலாம், என்னைப் பெற்றவருக்கு நாற்பது வயதில் என்ன வந்தது என்பதைச் சொல்லாது. அதைவிட, அந்தச் சேவைகள் பல ரத்த உறவினரின் பெயரை நேராகக் கையில் கொடுத்துவிடுகின்றன. நோய் விவரத்தை மட்டும் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பினால், அவர் போகக்கூடிய அடுத்த வாசல் அதுதான். தாயின் அந்தரங்கத்தில் உண்மையான அக்கறை இருந்தால், இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை.

ஒப்படைக்கும் பெற்றோருக்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் தருகிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்த இரண்டு மாதத்துக்குள் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ, தாயோடு தனியாக உட்கார்ந்து இரு வழிக் குடும்பத்தின் நோய்களையும் கேட்டு எழுத வேண்டும் என்று விதியில் சேருங்கள். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் மட்டும் போதாது. தைராய்டு, முடக்கு வாதம், வெண்புள்ளி, சொரியாசிஸ், சிறுவயதுச் சர்க்கரை, லூபஸ், அடிக்கடி கரு கலைதல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், தாய் பேசும் மொழியில் கேட்க வேண்டும். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் மதித்து, "கேட்டோம், சொல்ல விரும்பவில்லை" என்று எழுத வேண்டும். பதில் சொன்னால்தான் ஒப்படைப்பை ஏற்போம் என்ற நிபந்தனையாக இது ஒருபோதும் ஆகக் கூடாது. குழந்தையின் பரிசோதனையில் தாய்க்கும் உரிய எச்சரிக்கை ஏதாவது தெரிந்தால், அதை அவரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புவதும் அந்த மருத்துவரின் பொறுப்பாக வேண்டும்.

அந்த நோய் விவரத்தைப் பெயர், முகவரியிலிருந்து பிரித்துத் தனித் தாளாக வையுங்கள். தத்தெடுக்கும் பெற்றோருக்குக் குழந்தையோடு சேர்த்தே அதைக் கொடுங்கள். பிள்ளை பெரியவரான பிறகு, வேர் தேடும் விண்ணப்பம் எதுவும் போடாமலேயே, அடையாளச் சான்றைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். நிறுவனம் மூடப்பட்டாலும் கோப்பு எங்கே போகும், யார் பொறுப்பு என்பதையும் விதியிலேயே எழுதுங்கள்.

பெற்றவருக்குப் பின்னாளில் ஏதாவது நோய் தெரியவந்தால், தன்னை வெளிப்படுத்தாமல் கோப்பில் சேர்க்க ஒரு வழி இருக்கட்டும். இந்த நோய்களில் பல, ஒப்படைக்கும் வயதில் இருபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு இன்னும் வந்தே இருக்காது. அவர் முன்னதாகச் சம்மதம் தந்திருந்தால், பிள்ளைக்கு வந்த நோயையும் அதே வழியில் அவருக்குத் தெரிவியுங்கள்.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் போன்றவற்றின் வழியாக, தாய் யாரென்றே தெரியாமல் வந்த பிள்ளைகளும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்க ஆளில்லை. குழந்தை வந்து சேர்ந்த அன்று மருத்துவர் உடம்பில் கண்டதை முழுமையாக எழுதிப் பாதுகாத்துக் கொடுப்பதாவது நடக்க வேண்டும்.

கடைசியாக, என்னைப் போல ஏற்கெனவே பெரியவர்களானவர்கள். புது விதி வரும்வரை எங்களைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதத்தோடு வரும் விண்ணப்பத்துக்கு, கோப்பைத் திறந்து பார்த்து, பெயர்களை மறைத்து, உடல்நிலை பற்றி அதிலுள்ள அனைத்தையும் முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று எழுத்தில் தர வேண்டும் என்று மாநில, மாவட்ட அலுவலகங்களுக்கும் எல்லாத் தத்தெடுப்பு நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். என் விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். இம்முறை என் மகளின் குழந்தை மருத்துவர் கேட்ட கேள்விகளும் அதில் இருக்கின்றன. மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணத்தால் என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.